நாள்பட்ட சர்க்கரையும் தோலும்: காலில் பழுப்புப் புள்ளிகள், வலிக்காத கொப்புளம்

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரைதான், இன்சுலின் இல்லை. இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே, எலும்பு தெரியும் முன்பக்கத்தில் பழுப்பு நிறமாக வட்ட வட்டமாகத் தழும்புகள் இருக்கின்றன. எங்கேயும் இடித்துக்கொண்டதில்லை என்கிறார். வலி, அரிப்பு எதுவும் கிடையாது. பல காலமாகவே இருப்பதால் நாங்களும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது புதிதாக ஒன்று. முந்தாநாள் காலையில் எழுந்து பார்த்தால் வலது பாதத்தின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு நீர்க்கொப்புளம். அதுவும் வலிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா "பழைய தழும்பைப் பார்த்தால் தொழுநோய் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போக, அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மருந்துக் கடையில் கேட்டதற்கு ஒரு டியூப் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று கேள்விகள். அந்தப் புள்ளிகள் என்ன? கொப்புளத்தை உடைத்துவிடலாமா? டியூபைத் தடவலாமா?

அமுதா சிஸ்டர் (புதுச்சேரி, லாஸ்பேட்டை)

தம்பி, டியூபைத் தடவ வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். முதலில் இந்த இரண்டையும் நிறுத்திவிட்டு மீதியைப் படியுங்கள்.

நான் தோல் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நேரில் பார்க்காமல் நோயைச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் சொல்லும் புள்ளிகள், சர்க்கரைக்காரர்களிடம் மிக அதிகமாகப் பார்க்கிற ஒன்றைப் போலத்தான் இருக்கின்றன. டாக்டர்கள் அதை டயாபடிக் டெர்மோபதி என்பார்கள். தொடக்கத்தில் லேசாகச் சிவந்து, அப்புறம் பழுப்பாகி, கொஞ்சம் பள்ளம் விழுந்த மாதிரி நிற்கும். வெள்ளைத் தோலில் இளம்பழுப்பாகத் தெரிவது நம் நிறத்தில் கருப்பாகவே தெரியும். அதற்கு மருந்து தேவையில்லை. எந்தக் களிம்பும் அதை அழிக்காது. ஒன்றிரண்டு வருஷத்தில் சில தானே மங்கும், புதிதாகச் சில வரும்.

அப்படியானால் விட்டுவிடலாமா என்றால், கூடாது. அந்தப் புள்ளியால் தீங்கில்லை, ஆனால் அது நிறைய இருப்பவர்களுக்கு விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகிய மூன்றிலும் பாதிப்பு இருக்கிற வாய்ப்பு கூடுதல். சிறு ரத்தக் குழாய்கள்தான் எல்லா இடத்திலும் கெடுகின்றன. தோல் வெளியே இருப்பதால் நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அப்பாவுக்கு விழித்திரைப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்? சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தீர்களா? ஒரு வருஷம் தாண்டியிருந்தால் பார்த்துவிடுங்கள். கண்ணுக்குத் தவளக்குப்பம் அரவிந்த் உங்களுக்குக் கடலூர் சாலையிலேயே இருக்கிறது.

தொழுநோய் பயத்துக்கு: அதன் படை பெரும்பாலும் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ செம்பு நிறத்திலோ இருக்கும், அந்த இடத்தில் தொட்டால் உணர்வு குறைந்திருக்கும். டாக்டர் பஞ்சால் தொட்டுப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். ஒருவேளை அதுவாகவே இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கூட்டு மருந்து கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள். இதற்காக ஒரு பெரியவர் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அமுதா சிஸ்டர்

கொப்புளத்தைத் தனியாக எழுதுகிறேன், அதுதான் அவசரம்.

சர்க்கரைக்காரர்களுக்குக் காலிலும் விரல்களிலும் எந்தக் காரணமும் இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கொப்புளம் எழும்புவது உண்டு. புல்லோசிஸ் டயாபடிகோரம் என்று பெயர். சுற்றியுள்ள தோல் சிவக்காது, சூடு இருக்காது, உள்ளே தெளிந்த நீர். அரிதுதான், ஆனால் உண்டு. 2 முதல் 6 வாரத்தில் தானாக வற்றி ஆறிவிடும். மேலே இருக்கிற தோல்தான் அதற்குக் கட்டு. அதைக் கிழித்துவிட்டால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. நீர் எடுக்க வேண்டியிருந்தால் டாக்டர் சுத்தமான ஊசியால் எடுத்து, மேல்தோலை அப்படியே விட்டுவிடுவார்.

ஆனால் "வலிக்கவில்லை" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலில் உணர்வு போயிருந்தால் சுட்டுக்கொண்டதுகூட வலிக்காது. அப்பாவிடம் இதையெல்லாம் கேளுங்கள்: வெந்நீரில் கால் வைத்தாரா, ஒத்தடம் கொடுத்தாரா, வெயிலில் கோயில் கல்தரையில் நடந்தாரா, வண்டியின் சைலன்ஸர் பட்டதா, புதுச் செருப்பா? பாதிப் பேருக்கு விடை இதில்தான் இருக்கும்.

சுற்றிலும் சிவந்து பரவினால், சூடாக இருந்தால், நீர் கலங்கிச் சீழானால், நாற்றம் வந்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும் கூட்டிப் போக வேண்டும்.

வில்லியனூர் மெடிக்கல்ஸ்

நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கெடிலக்கரை சார், அந்த டியூபின் பெயரைவிட அதன் பின்பக்கத்தில் உள்ள சேர்மானத்தைப் பாருங்கள். க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா?

கெடிலக்கரை

க்ளோபெடசால் இருக்கிறது சார். கூடவே நியோமைசின், மைக்கோனசோல்.

வில்லியனூர் மெடிக்கல்ஸ்

நினைத்தேன். ஒரு ஸ்டீராய்டு, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து, மூன்றும் ஒரே டியூபில். எதற்கு என்று தெரியாதபோது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுப்பது. க்ளோபெடசால் என்பது தோலுக்குப் போடும் ஸ்டீராய்டிலேயே மிகக் கடுமையான வகை. 2018ல் இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டவணை ஹெச்சில் கொண்டுவந்தார்கள். ஆனாலும் கவுன்டரில் வந்து "அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க" என்று கேட்பவர்கள் குறையவில்லை. இல்லை என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். என் தொழில்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொடுக்கக் கூடாது.

சர்க்கரைக்காரர்களுக்கு இதில் இரட்டைச் சேதம். படர்தாமரைக்கு அதைத் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். விட்டவுடன் முன்னைவிடப் பெரிதாக வரும். அதற்குள் வடிவமே மாறியிருக்கும், தோல் டாக்டருக்கே அடையாளம் தெரியாது. இப்போது இந்தியாவில் டெர்பினஃபின் என்கிற பூஞ்சை மாத்திரைக்கே மசியாத படர்தாமரை வகை பரவியிருப்பதில் இந்தக் கலவை டியூப்களுக்கும் பங்குண்டு என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவது, தோல் மெலிந்துபோகும். ஏற்கெனவே ஆறாத காலில் மெலிந்த தோல் எதற்கு? பெரிய பரப்பில் நாள்கணக்கில் போட்டால் ரத்தத்தில் கலந்து சர்க்கரையையே ஏற்றிவிடும்.

தென்பெண்ணை (பாகூர்)

அரிப்பு பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் "உடம்பு அரித்தால் சுகர் ஏறியிருக்கிறது" என்றுதான் சொல்வோம். அது சரியா?

அமுதா சிஸ்டர்

எல்லா அரிப்பும் சர்க்கரையால் இல்லை தென்பெண்ணை. எங்கே அரிக்கிறது என்பதைப் பொறுத்தது.

தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், அக்குள், பிறப்புறுப்பு என்று ஈரம் தங்குகிற இடத்தில் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொரியோடு அரித்தால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்பதற்கு இது நல்ல அடையாளம். ஆண்களுக்கு முன்தோல் வெடித்து எரிவது, பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வெள்ளைப்படுதலும் அரிப்பும், இவற்றை வைத்தே சர்க்கரை இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்த நோயாளிகள் ஏராளம்.

முழங்காலுக்குக் கீழே வறண்டு வெள்ளையாகச் செதில் உதிர்ந்து அரித்தால் அது வறட்சி. நரம்பு கெட்டால் காலில் வியர்க்காது. வியர்வை இல்லாவிட்டால் தோல் காய்ந்து குதிகால் வெடிக்கும். உடம்பு முழுக்க ராத்திரியில் தூங்கவிடாமல் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச் சத்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்து அரித்தால், விரலிடுக்கைப் பாருங்கள், அது சிரங்கு.

கோரிமேடு ராஜா

அந்தரங்க இடம் பற்றி அமுதா அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடந்த சில வருஷங்களாக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் விலை குறைந்து எல்லோருக்கும் எழுதுகிறார்கள். நல்ல மருந்துகள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுகின்றன. ஆனால் அவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதால் அந்த இடத்தில் பூஞ்சை வருவது சாதாரணம். இதை எழுதும்போதே நோயாளியிடம் சொல்லிவிட்டால் நல்லது. என் மாமா வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பவுடர் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டினார். மாத்திரையை மாற்றும் தேவைகூட வரவில்லை. பூஞ்சைக்கு மருந்து கொடுத்து, சிறுநீர் போனபின் கழுவித் துடைத்து உலர வைக்கச் சொன்னார்கள், சரியாகிவிட்டது.

அந்த இடத்திலிருந்து மலவாய்க்கு இடைப்பட்ட பகுதியில் கடும் வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஃபோர்னியர் கேங்ரீன் என்கிற தசை அழுகல் அது. மிக அரிது, ஆனால் உயிரை எடுக்கும்.

உப்பனாறு (கடலூர் முதுநகர்)

என் மாமியாருக்கும் கொப்புளம் வந்தது. ஆனால் அது வேறு மாதிரி. முதலில் சில மாதம் உடம்பெல்லாம் அரிப்பு. அப்புறம் தொடை, வயிறு, கையில் இறுக்கமான பெரிய கொப்புளங்கள். சர்க்கரைக் கொப்புளம், தானே போகும் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஸ்கின் டாக்டர் சதையில் கொஞ்சம் எடுத்து பயாப்ஸி அனுப்பி, புல்லஸ் பெம்ஃபிகாய்டு என்றார், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கிக் கொப்புளம் உண்டாக்கும் நோயாம். அவர் கேட்ட முதல் கேள்வி, "சுகருக்கு வில்டாகிளிப்டின் சாப்பிடுகிறீர்களா?" சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கோரிமேடு ராஜா

முக்கியமான தகவல். கிளிப்டின் வகை மாத்திரைகளோடு, குறிப்பாக வில்டாகிளிப்டினோடு, இந்த நோய்க்குத் தொடர்பு இருப்பது பல நாடுகளின் ஆய்வுகளில் வந்திருக்கிறது. மாத்திரை தொடங்கி மாதங்கள் கழித்தும் வரலாம், வருஷங்கள் கழித்தும் வரலாம். அதனால்தான் யாருக்கும் மாத்திரை மீது சந்தேகம் வருவதில்லை.

நெய்வேலி பாலு

அப்போ இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லாம் உடனே நிறுத்திவிட வேண்டியதுதானே? என் மனைவிக்கும் அதுதான் எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

அமுதா சிஸ்டர்

வேண்டாம் பாலு சார். அதைச் சாப்பிடும் லட்சக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கே இது வருகிறது. கொப்புளமோ காரணமில்லாத நாள்பட்ட அரிப்போ இல்லாதவர் நிறுத்தவே தேவையில்லை. இருப்பவரும் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டி, வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் பாட்டுக்கு நிறுத்தினால் சர்க்கரை 300, 400 என்று ஏறி அதனால் வரும் கேடு இதைவிடப் பெரிது.

வித்தியாசத்தை இப்படி நினைவில் வையுங்கள். அரிப்பு இல்லாமல், சிவப்பு இல்லாமல், காலில் ஒன்றிரண்டு என்றால் சர்க்கரைக் கொப்புளமாக இருக்கலாம். அரிப்போடு, உடம்பில் பல இடத்தில், புதிது புதிதாக வந்தால் பயாப்ஸி இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. பெம்ஃபிகாய்டுக்கு ஸ்டீராய்டு தேவைப்படும். அது சர்க்கரையை ஏற்றும். ஆகவே தோல் டாக்டரும் சர்க்கரை டாக்டரும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்க வேண்டும். சீட்டுகளை எல்லாம் ஒரே ஃபைலில் வைத்துக் கொண்டு போங்கள்.

சித்தர்வழி (சிதம்பரம்)

இத்தனை ரசாயனம் தேவையா? எங்கள் தாத்தா வேப்பிலை, மஞ்சள் கொதிக்க வைத்த வெந்நீரில் காலை ஊறவைத்தே எல்லாப் புண்ணையும் ஆற்றினார். நம் முறையை விட்டுவிட்டு எதற்கெடுத்தாலும் பயாப்ஸி என்கிறீர்கள்.

அமுதா சிஸ்டர்

ஐயா, வேப்பிலை மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. தேங்காய் எண்ணெயை நானே பலருக்குச் சொல்கிறேன், வறண்ட காலுக்கு அது நல்லது. எனக்குப் பயம் அந்த வெந்நீர்தான். உணர்வு போன காலுக்குச் சூடு தெரியாது. "இதமாக இருக்கிறது" என்று கால் மணி நேரம் வைத்திருப்பார்கள், எடுக்கும்போது தோல் உரிந்து வரும். இப்படி வெந்த கால்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். சிலருக்கு விரலை எடுக்கும்படி ஆனது. உங்கள் தாத்தாவின் காலில் உணர்வு இருந்திருக்கும், அதனால் அவருக்குச் சரிப்பட்டது.

கழுவுவதற்குச் சாதாரணத் தண்ணீர் போதும். வெதுவெதுப்பு வேண்டுமென்றால் வீட்டில் சர்க்கரை இல்லாத ஒருவர் முழங்கையை விட்டுப் பார்த்துச் சொல்லட்டும். ஊறவைப்பதே வேண்டாம், ஊறினால் விரலிடுக்கு வெளுத்துச் சேற்றுப்புண் வரும். திறந்த புண்ணில் மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.

சித்தர்வழி

சூடு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் அம்மா. உணர்வு போயிருப்பதை வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

கோரிமேடு ராஜா

ஆஸ்பத்திரியில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். ஐந்து நிமிஷ வேலை, கேட்டுப் பெறுங்கள். வீட்டில் என்றால் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனிகளை மெதுவாக ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். எந்த விரல் என்று சொல்லத் தெரியாவிட்டால் அவசியம் காட்டுங்கள்.

மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். அதனாலும் கால் மரத்துப்போகும், விரல் முட்டிகள் கறுக்கும். ஊசி போட்டால் சரியாகிற பாதிப்பை எல்லாம் சர்க்கரை தலையில் கட்டிவிடக் கூடாது. பி12 அளவையும் பார்த்துவிடுங்கள்.

தென்பெண்ணை

நான் நெல் போடுகிறவன். மழைக்காலத்தில் சேற்றில் நிற்காமல் முடியாது. எனக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. விரலிடுக்கில் புண் வருவதும் போவதுமாக இருக்கிறது. இதற்கு வழி சொல்லுங்கள்.

அமுதா சிஸ்டர்

விரலிடுக்குச் சேற்றுப்புண்ணைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கால் முழுக்கச் சிவந்து வீங்கி, குளிர் காய்ச்சலோடு வருகிற செல்லுலைடிஸ் நோயாளிகளிடம் நாங்கள் முதலில் பார்ப்பது விரலிடுக்கைத்தான். கிருமி அங்கிருந்துதான் ஏறியிருக்கும். வயலிலிருந்து வந்தவுடன் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு இடுக்காகத் துடையுங்கள். பூஞ்சைக் களிம்பை டாக்டர் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள், அரிப்பு நின்றவுடன் விடாதீர்கள். எண்ணெயும் க்ரீமும் பாதத்துக்கும் குதிகாலுக்கும்தான், இடுக்குக்கு இல்லை. முடிந்தவரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். காலில் வெட்டோ சிராய்ப்போ இருக்கும் நாளில் சேற்றில் இறங்காமல் வேறு ஆளை விடுங்கள். கஷ்டம்தான், தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பகுதி மண்ணிலும் தேங்கிய நீரிலும் மீலியாய்டோசிஸ் உண்டாக்கும் பாக்டீரியா இருக்கிறது. அது அதிகம் பிடிப்பது சர்க்கரைக்காரர்களைத்தான். தோலில் ஆறாத கட்டி, நாள்பட்ட காய்ச்சல், சில சமயம் நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி. டி.பி. என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும். மருந்தும் மாதக்கணக்கில் போகும். ஆகவே கட்டிக்கு டாக்டரைப் பார்க்கும்போது "நான் வயலில் இறங்குகிறவன், எனக்குச் சர்க்கரை" என்று இரண்டையும் சொல்லுங்கள்.

சோனாங்குப்பம்

எங்கள் பக்கம் கடல். மீன் முள் குத்துவது தினமும் நடப்பது. அதற்கும் இதே கணக்கா?

கோரிமேடு ராஜா

அதைவிட வேகமானது. கடல், கழிமுகத் தண்ணீரில் விப்ரியோ வகை பாக்டீரியா உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சர்க்கரையோ கல்லீரல் நோயோ இருப்பவருக்குச் சில மணி நேரத்தில் கால் வீங்கி, ஊதா நிறக் கொப்புளம் வந்து, ரத்தத்தில் கலந்துவிடலாம். குத்தியதும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். வீக்கம் ஏற ஏற, வலி தாங்க முடியாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடல் தண்ணீர் பட்டது என்று டாக்டரிடம் சொல்வது அவசியம், மருந்துத் தேர்வே அதனால் மாறும்.

நெய்வேலி பாலு

என் மனைவிக்குக் கழுத்தைச் சுற்றிக் கருப்பு, பின் கழுத்து தடித்துப் போயிருக்கிறது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்.

அமுதா சிஸ்டர்

தேய்ப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வெல்வெட் போலத் தொடுவதற்கு மெத்தென்று, அக்குளிலும் இருந்தால் அது அகாந்தோசிஸ் நைக்ரிகான்ஸ். உடம்பில் இன்சுலின் இருந்தும் அது சரியாக வேலை செய்யாததன் அடையாளம். கூடவே சின்னச் சின்ன மருக்களும் வரும். எடை குறைந்தால் கருமையும் குறையும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழுத்தில் இதைப் பார்த்தால் சுகர் டெஸ்ட் எடுங்கள், கேலி செய்யாதீர்கள். அந்தப் பிள்ளை குளிக்காமல் இல்லை.

கருப்பில்லாமல், பின் கழுத்தும் முதுகின் மேல்பகுதியும் கிள்ளக்கூட முடியாதபடி இறுகியிருந்தால் அது வேறு, ஸ்க்ளெரெடீமா. நீண்ட காலச் சர்க்கரையில் வருவது. மெதுவாகத்தான் வரும். வலி பெரிதாக இருக்காது, கழுத்தைத் திருப்புவது சிரமமாகும். ஒளிச் சிகிச்சை சிலருக்கு உதவுகிறது.

கை இறுக்கமும் இதோடு சேர்ந்தது. கும்பிடும்போது இரண்டு உள்ளங்கையும் விரல்களும் இடைவெளி இல்லாமல் ஒட்டுகின்றனவா என்று எல்லோரும் ஒருமுறை பாருங்கள். ஒட்டவில்லை என்றால் விரல் மூட்டுகளைச் சுற்றியுள்ள தோலும் நாரும் தடித்திருக்கின்றன. டாக்டரிடம் சொல்லி விரல் பயிற்சி கேளுங்கள்.

கடற்கரைச் சாலை (புதுச்சேரி)

டைப் ஒன், பதினோரு வயதிலிருந்து இன்சுலின். இங்கே யாரும் ஊசி போடும் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. தினமும் வயிற்றில் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கொழுப்பு திரண்டு கட்டியாகும். அந்த இடத்தில் வலி குறைவு என்பதால் அங்கேயே குத்தத் தோன்றும். ஆனால் கட்டியில் போன இன்சுலின் எப்போது ரத்தத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் 350, மறுநாள் 60. டோஸ் ஏற்றிக்கொண்டே போவார்கள், காரணம் கட்டியாக இருக்கும்.

வயிறு, தொடை என்று பகுதி பிரித்து, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். 4 மில்லிமீட்டர் ஊசி போதும். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது பழைய டோஸ் அதிகமாகி லோ சுகர் வரலாம், டாக்டரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் இடத்தை மட்டும் மாற்றச் சொல்வது ஆபத்து.

உப்பனாறு

டயாலிசிஸ் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவுக்குக் கை கால்களில் கறுத்த பொரிகள், நடுவில் ஆணி மாதிரிக் கெட்டியான செதில், தாங்க முடியாத அரிப்பு. சொறியச் சொறிய சொறிந்த கோட்டிலேயே புதுப் பொரி. சர்க்கரையோடு சிறுநீரகமும் கெட்டவர்களுக்கு வருவது என்றார்கள். நகத்தை ஒட்ட வெட்டி, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தி, ஒளிச் சிகிச்சையும் கொடுத்தபிறகு தூக்கம் வந்தது.

வில்லியனூர் மெடிக்கல்ஸ்

ஒரு விஷயம் என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. 2023ல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில், சர்க்கரை நோயில் கோவாவுக்கு அடுத்து நம் புதுச்சேரிதான், 26.3 சதவீதம். நாட்டின் சராசரி 11.4. அதாவது இங்கே வயது வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல். என் கடைக்கு மாத்திரை வாங்க வருபவர்களில் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். வருகிற அந்தப் பெண்களிடம் காலையும் காட்டுங்கள். அவர்கள் பார்த்தே தீர வேண்டும் என்று கேளுங்கள்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவைத் தோல் ஓ.பி.க்குக் கூட்டிப் போனேன். புள்ளிகள் டெர்மோபதிதான். தொட்டுப் பார்த்து, தொழுநோய் இல்லை என்று டாக்டர் அப்பாவிடமே நேராகச் சொன்னார். கொப்புளத்தின் மேல் மருந்து வைத்து லேசாகக் கட்டியிருக்கிறார்கள். டியூபை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். ஆனால் மோனோஃபிலமென்ட் சோதனையில் இரண்டு பாதத்திலும் பாதி இடங்களில் அப்பாவுக்குத் தெரியவில்லை. சிறுநீரில் ஆல்புமினும் இருக்கிறது. அடுத்த வாரம் கண்ணுக்குப் போகிறோம்.

எம்.சி.ஆர். செருப்பு போடச் சொன்னார்கள். அப்பா ரப்பர் செருப்பை விட மாட்டேன் என்கிறார். எம்.சி.ஆர். என்றால் என்ன, எப்படிப் பார்த்து வாங்குவது?

அமுதா சிஸ்டர்

மைக்ரோ செல்லுலார் ரப்பர். உள்ளே நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுக்கப் பரவும். இதன் பின்னால் நம் பக்கத்து வேலூர் இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்கிற அறுவை மருத்துவர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் காலில் புண் வருவதற்குத் தொழுநோய்க் கிருமி நேரடிக் காரணமில்லை, வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே நடந்துகொண்டிருப்பதுதான் காரணம் என்று காட்டியவர் அவர். அங்கே தொழுநோயாளிகளின் பாதத்துக்காகக் கற்றுக்கொண்டதுதான் பிறகு சர்க்கரைக்காரர்களின் பாதங்களைக் காப்பாற்றியது.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ரப்பர் செருப்பின் வார் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உரசும், அங்கே புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. அதோடு மரத்த காலிலிருந்து அது கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடப்பார். விரலிடுக்கு வார் இல்லாத, பின்பக்கம் வார் உள்ள, ஒட்டுப்பட்டை போட்ட செருப்பாக வாங்குங்கள். உள்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கித் திரும்ப எழ வேண்டும், ஆணி அடித்திருக்கக் கூடாது. சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீக்கத்தின் அளவு தெரியும். கட்டுப் பிரித்த பிறகு அளவெடுங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றி, எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். அவர் கண்ணுக்கு உள்ளங்கால் எட்டாது.

கெடிலக்கரை

சரி அக்கா. வீட்டுக்குள்ளேயும் போட வேண்டுமா? பாடலீஸ்வரர் கோயிலுக்குத் தினமும் போவார், அங்கே என்ன செய்வது?

அமுதா சிஸ்டர்

வீட்டுக்குள் போடுவதற்குத் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு வெயில் ஏறும் முன் காலையிலோ, கல் ஆறிய பின் சாயங்காலமோ போகட்டும், கெட்டியான வெள்ளைப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு. வெள்ளையாக இருந்தால் ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். வந்தவுடன் கழற்றி, காலுறையையும் பாதத்தையும் பாருங்கள். கொப்புளம் ஆறும்வரை மட்டும் பெரியவர் வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளட்டும்.